பூட்டுப் போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரில் பவர் குவெரி: இரண்டு மாம்பழ சீசன் பார்த்த பிறகு

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு வேலை பார்க்கிறேன். எக்செல்லுக்கு உள்ளேயே இருக்கும், வெளி ஃபைல்களிலிருந்து தரவை எடுத்துச் சீராக்கித் தரும் பவர் குவெரி என்ற வசதியை இரண்டு சீசனாகத் தினமும் பயன்படுத்துகிறேன். இதைப் பற்றித் தமிழில் யாராவது விவரமாக எழுதி அது என் கண்ணில் பட்டிருந்தால் எனக்கு ஒரு முழு சீசன் அலைச்சல் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்துக்கு நாலு மதிப்பெண். குறைத்த ஒன்று எதற்கு என்பது பின்னால் வரும்.

முதலில் எங்கள் கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனமே அதை வைத்துத்தான். பென்டிரைவ் போட்டால் எடுக்காது. எந்த மென்பொருளும் நிறுவ முடியாது, அட்மின் பாஸ்வேர்டு தலைமை அலுவலகத்து ஐடி ஆட்களிடம். கன்ட்ரோல் பேனல் திறக்காது, அதனால் தேதி அமைப்பைக்கூட நாமாக மாற்ற முடியாது. வாட்ஸ்அப் வெப், கூகுள் டிரைவ், ஆன்லைன் கன்வெர்ட்டர் எல்லாம் தடை. மேக்ரோவும் (எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) கிடையாது, அதில் வைரஸ் வருகிறது என்று மைக்ரோசாஃப்டே 2022-ல் இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவை இயல்பாகவே தடுத்துவிட்டது, எங்கள் ஐடி ஆட்கள் அதற்கு மேல் ஒரு படி போய் மொத்தமாக மூடிவிட்டார்கள். எக்செல் 2019, நோட்பேட், ஒரு பொது டிரைவ், அவ்வளவுதான் கையில் இருப்பது.

இந்தப் பூட்டு மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்களிடம் இருப்பது விவசாயிகளின் பெயர், ஊர், பேங்க் கணக்கு எண், ஆதார் எண். ஒருத்தர் கவனக்குறைவாக அதை வெளியே விட்டால் பாதிக்கப்படுவது மாமரம் வைத்துப் பிழைக்கிற குடும்பம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு என்றே ஒரு சட்டம் வந்தாயிற்று. அதனால் பூட்டை உடைக்கும் வழி எதுவும் இதில் இருக்காது, பூட்டுக்கு உள்ளே இருந்துகொண்டே தரவைக் கெடாமல் காப்பாற்றும் வழிதான் இருக்கும்.

எங்கள் வேலை இப்படி. மே, ஜூன், ஜூலையில் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, மத்தூர், சந்தூர், ஊத்தங்கரை என்று நாலா பக்கமிருந்தும் லோடு வரும். வண்டி எடைமேடையில் ஏறும், சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு எடை, நிகர எடைக்குச் சீட்டு. எடைமேடை மென்பொருள் ஒவ்வொரு நாள் ராத்திரியும் ஒரு சிஎஸ்வி ஃபைலை (தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்து ஃபைல்) பொது டிரைவில் போட்டுவிடும். சீட்டு எண், தேதி, வண்டி எண், பெயர், ஊர், ரகம், எடை. இது தவிர விவசாயிகள் பதிவேடு ஒன்று இன்னொரு மென்பொருளிலிருந்து சிஎஸ்வியாகவே வரும், கணக்கு எண் அதில்தான். மூன்றாவது, தினசரி விலைப் பட்டியல். இந்த மூன்றையும் சேர்த்தால் யாருக்கு எவ்வளவு பணம் என்று வந்துவிடும், அதை பேங்க் கேட்கும் வடிவத்தில் ஒரு ஃபைலாகப் போட வேண்டும். கேட்டால் சுலபம்.

நாங்கள் பல வருடம் செய்தது என்னவென்றால், சிஎஸ்வி மேல் டபுள் கிளிக். அது எக்செல்லில் திறக்கும், நாலு காலத்தை (மேலிருந்து கீழாக ஓடும் column) அங்கே இங்கே நகர்த்துவோம், சேவ் கொடுப்போம். இதில்தான் எல்லாக் கெடுதலும்.

மத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு நாள் காலையிலேயே வாசலில் நின்றார். "தம்பி, பணம் போட்டாச்சுன்னு சொல்லி நாலு நாள் ஆச்சு, பேங்க்ல போய்க் கேட்டா ஒண்ணும் வரலைங்கிறாங்க, கூலிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பார்த்தால் பணம் எங்களுக்கே திரும்பி வந்திருக்கிறது, அந்தக் கணக்கு எண்ணே கிடையாது என்று. அவர் பாஸ்புக்கையும் எங்கள் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தோம். 16 இலக்கம். பதினைந்து வரை அப்படியே ஒத்துப்போனது. கடைசியில் அவர் பாஸ்புக்கில் 7, எங்களிடம் 0. யாரோ தட்டச்சில் தப்பு செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் அதே ஃபைலில் 16 இலக்கக் கணக்கு வைத்திருந்த எல்லோரையும் வடிகட்டிப் பார்த்தேன், அத்தனை பேருக்கும் கடைசி இலக்கம் 0.

காரணம் தெரிந்தபோது கை நடுங்கியது. எக்செல் ஒரு எண்ணை எண்ணாக வைத்துக்கொள்ளும்போது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைக்கும், அதற்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். கணக்கு எண் என்பது கூட்டிக் கழிக்கும் எண் இல்லை, அது ஒரு பெயர் மாதிரி, எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் டபுள் கிளிக் செய்து திறந்தால் எக்செல்லுக்கு அது எப்படித் தெரியும்? இலக்கமாக இருக்கிறது, எண் என்று எடுத்துக்கொள்கிறது. நெஃப்ட் என்ற பேங்க் பணமாற்று முறையில் பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை வைத்து. அந்தப் பூஜ்யத்தில் முடியும் எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். முன்னால் பூஜ்யம் இருக்கும் எண்களுக்கு இன்னொரு விதமான அடி, அந்தப் பூஜ்யங்களே காணாமல் போகும். ஆதார் எண்ணுக்கு 12 இலக்கம்தான், துல்லியம் போகாது, ஆனால் 11 இலக்கத்தைத் தாண்டினாலே எக்செல் அதைச் சுருக்கி அறிவியல் குறியீட்டில் காட்டும், அப்படிக் காட்டும்போது சிஎஸ்வியாகச் சேவ் செய்தால் திரையில் தெரிகிற சுருக்கம்தான் ஃபைலில் எழுதப்படும். அப்புறம் அந்த ஃபைலிலிருந்து அந்த எண்ணைத் திரும்ப எடுக்கவே முடியாது.

தேதிக்கு வருகிறேன், இது இதைவிட மோசம், ஏனென்றால் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். எங்கள் கம்ப்யூட்டர்கள் அமெரிக்கத் தேதி அமைப்பில் இருக்கின்றன, மாற்றவும் முடியாது. எடைமேடை ஃபைலில் 05/06/2024 என்றால் ஜூன் 5. எக்செல் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2024 வந்தால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதைத் தேதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே காலத்தில் சில தேதிகள் வலது பக்கம் ஒட்டியும் சில இடது பக்கம் ஒட்டியும் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் எந்த ஆபீஸில் இருந்தாலும் இப்போதே ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். பெங்களூரா என்ற மாம்பழ ரகத்தின் விலை தினமும் மாறும். ஜூன் 10 லோடு அக்டோபர் 6 ஆகிவிட்டால் அன்றைக்கு விலையே இல்லை, பிழை காட்டும், கண்ணில் படும். ஆனால் ஜூன் 5 லோடு மே 6 ஆனால் அந்த நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது, விலூக்கப் (ஒரு பட்டியலில் தேடிப் பொருத்தமானதை எடுத்து வரும் எக்செல் சூத்திரம்) அதை அழகாக எடுத்துப் போட்டுவிடும். இரண்டு நாளுக்கும் கிலோவுக்கு 4 ரூபாய் வித்தியாசம் என்று வையுங்கள், 6 டன் லோடுக்கு 24,000 ரூபாய். விவசாயிக்குக் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. ஒரு சீசனின் பழைய கணக்கை மறுபடி போட்டு, விட்டுப்போனவர்களுக்கு மீதிப் பணம் கொடுக்க நானும் கணக்கு அக்காவும் மூன்று வாரம் உட்கார்ந்தோம்.

இது எங்கள் ஊர் ஆபீஸில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2020-ல் 15,841 பேரின் கொரோனா பரிசோதனை முடிவு சரியான நேரத்தில் கணக்கில் சேராமல் போனது, பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைதான் பிடிக்கும், அதற்கு மேல் வந்தது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. மார்ச், செப்டம்பர் போல ஒலிக்கும் மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அதே 2020-ல் விஞ்ஞானிகள் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 2023-ல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் அமைப்பு புதிய எக்செல்லில் வந்தது, எங்கள் 2019-ல் அது இல்லை.

சரி, பவர் குவெரி. 2013-ல் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியாக வந்து, எக்செல் 2016-லிருந்து உள்ளேயே சேர்ந்துவிட்டது. இதுதான் பூட்டுப் போட்ட கம்ப்யூட்டருக்கு முக்கியம். நிறுவ வேண்டியது எதுவும் இல்லை, அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம், மேக்ரோவும் இல்லை, ஃபைல் சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே இருக்கும். டேட்டா என்ற தாவலில் கெட் டேட்டா என்று இருக்கும், நாங்கள் எல்லோரும் வருடக்கணக்கில் அதன் மேலேயே மவுஸை ஓட்டிக்கொண்டு வடிகட்டிப் பொத்தானுக்குப் போயிருக்கிறோம். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, அது மூல ஃபைலைத் தொடாது. படிக்கும், அவ்வளவுதான். நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வலது பக்கத்தில் ஒரு படியாக எழுதி வைக்கப்படும், எந்தப் படியில் கிளிக் செய்தாலும் அந்த நேரத்தில் தரவு எப்படி இருந்தது என்று தெரியும், தப்பான படியை மட்டும் நீக்கலாம். நாளைக்குப் புது ஃபைல் வந்தால் ரெஃப்ரெஷ் ஒன்று போதும், அத்தனை படியும் அதே வரிசையில் மறுபடி நடக்கும். முன்பு 40 நிமிடம் ஆன வேலை இப்போது ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிறது.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அதே குழிதான். கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று போனால் ஒரு முன்னோட்டப் பெட்டி வரும். அதில் டேட்டா டைப் டிடெக்ஷன் என்று ஒரு இடம், அதில் முதல் 200 வரிசையைப் பார்த்து முடிவு செய் என்று ஏற்கனவே தேர்ந்திருக்கும். அதை மாற்றி, எதையும் கண்டுபிடிக்காதே என்று வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லாக் காலமும் எழுத்தாக வரும். நான் ஆரம்பத்தில் இதைக் கவனிக்கவில்லை. பவர் குவெரியின் உள்ளே பார்த்தால் 16 இலக்கமும் சரியாக இருந்தது, நிம்மதியாகத் தாளில் இறக்கினேன், இறக்கியதும் கடைசி இலக்கம் மறுபடி 0. உள்ளே முழு எண்ணாக வைத்துக்கொள்ள அதற்கு இடம் இருக்கிறது, தாளுக்கு வரும்போது அந்தப் பழைய 15 இலக்கக் கட்டுக்குள் வந்துவிடுகிறது. அதனால் உள்ளேயே எழுத்தாக மாற்றி இறக்கினால்தான் தப்பும்.

இன்னொன்று, சேஞ்ச்டு டைப் என்று ஒரு படியை அதுவாகவே சேர்த்திருந்தால், அதன் பிறகு நாம் காலத் தலைப்பில் எழுத்து என்று மாற்றும்போது, இருக்கும் படியை மாற்றவா, புதுப் படி சேர்க்கவா என்று கேட்கும். மாற்று என்பதைத்தான் கொடுக்க வேண்டும். புதுப் படி என்று கொடுத்தால், முதல் படியில் ஏற்கனவே முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டது, போனதை எழுத்தாக்கி என்ன பயன்? நான் அந்தத் தானாக வரும் படியை முழுதாக நீக்கிவிட்டு, ஒவ்வொரு காலத்துக்கும் நானே வகை சொல்கிறேன். அரை மணி நேர வேலை, ஒரே ஒரு முறை.

தேதிக்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. காலத் தலைப்பில் வலது கிளிக், சேஞ்ச் டைப், கடைசியில் யூசிங் லொக்கேல். அதில் வகை தேதி, மொழி ஆங்கிலம் இந்தியா என்று கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் எந்த நாட்டு அமைப்பில் இருந்தாலும் நாள் முதலில், மாதம் பிறகு என்று சரியாகப் படிக்கும். கன்ட்ரோல் பேனலைத் திறக்க அனுமதி கேட்டு நாங்கள் ஐடி ஆட்களுக்கு எத்தனை டிக்கெட் (கோரிக்கை) போட்டோம் தெரியுமா. அது தேவையே இல்லாமல் போய்விட்டது.

தமிழ் எழுத்து. டபுள் கிளிக்கில் திறந்தால் பெயர்க் காலம் முழுவதும் புரியாத குறியீடாக வரும், உடனே எல்லோரும் ஃபான்ட் இல்லை என்பார்கள். ஃபான்ட் பிரச்சினை இல்லை, ஃபைல் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் முறை) இருக்கிறது, எக்செல் அதை வேறு குறியாக்கமாக நினைத்துப் படிக்கிறது. முன்னோட்டப் பெட்டியில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோடு யுடிஎஃப்-8 என்று தேர்ந்தால் பெயர்கள் எல்லாம் தமிழில் பளிச்சென்று வந்துவிடும். பழைய பதிவேடு ஒன்று யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டில் அடித்தது எங்களிடம் இருக்கிறது, அதற்கு இந்த வழி பலிக்காது, அதன் உள்ளே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் முகமூடி. அரசாங்கமே 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்ட பிறகும் இந்தப் பழைய ஃபைல்கள் எல்லா ஆபீஸிலும் உயிரோடு இருக்கின்றன. கன்வெர்ட்டர் தளத்தில் ஒட்டினால் நொடியில் மாறும் என்று எனக்கும் தெரியும், ஆனால் விவசாயிகளின் பட்டியலை யாரோ ஒருவரின் தளத்தில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து அடித்துவிட்டோம்.

அப்புறம் ரகப் பெயர். இதைச் சொல்லாமல் கிருஷ்ணகிரிக் கணக்கு முடியாது. ஒரே பழம், ஒரு எடைமேடைத் தம்பி பெங்களூரா என்று போடுவான், இன்னொருவன் பெங்களூர், சித்தூர் பக்கம் வேலை செய்துவிட்டு வந்தவன் தோத்தாபுரி, வயசான மேஸ்திரி ஒருவர் கிளிமூக்கு. நாலும் ஒன்றுதான். ஆனால் தொகுத்தால் நாலு ரகமாக நாலு கூட்டுத்தொகை வரும். அதே மாதிரி ஆங்கிலத்தில் அடிக்கும்போது காவேரிப்பட்டணத்துக்கு நான் எண்ணிய வரையில் ஏழு எழுத்துக்கூட்டு. இதற்கு ஒரு சின்ன அட்டவணை வைத்தேன், இடது காலத்தில் வந்திருக்கும் பெயர், வலது காலத்தில் நாங்கள் வைத்துக்கொள்ளும் பெயர். பவர் குவெரியில் மெர்ஜ் கொடுத்து இரண்டையும் இணைத்தால் எல்லாம் ஒரே பெயருக்கு வந்துவிடும். புதிதாக ஒரு பெயர் வந்தால் வலது பக்கம் காலியாக நிற்கும், அன்றைக்கே தெரிந்துவிடும், அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பழைய முறையில் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டுத் தினமும் மாற்றிக்கொண்டிருந்தோம், ஒரு நாள் மறந்தால் அந்த நாள் கணக்கு தனியாக நிற்கும்.

நாளுக்கு ஒரு ஃபைல் என்பதற்கு ஃப்ரம் ஃபோல்டர். ஒரே ஃபோல்டரில் இருக்கும் எல்லா சிஎஸ்வியையும் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்த்துவிடும், எந்த வரி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்ற காலமும் பக்கத்தில் நிற்கும். கேள்வி வரும்போது அந்தக் காலம் தங்கம். ஒரு விஷயம், அந்த ஃபோல்டரில் வேறு எதையும் போடாதீர்கள். எங்கள் ஆள் ஒருவர் அதே ஃபைலை நகல் எடுத்து அங்கேயே வைத்துவிட்டார், ஒரு நாள் லோடு இரண்டு தடவை ஏறிவிட்டது, சீட்டு எண்ணை வைத்து இரட்டிப்பைக் கண்டுபிடித்தேன்.

இனி குறைகள்.

பெரிய எழுத்து சின்ன எழுத்தைத் தனித்தனியாகப் பார்க்கும். எக்செல்லின் விலூக்கப் பார்க்காது, இது பார்க்கும். வண்டி எண்ணில் ஒருவன் டிஎன் 24 என்று பெரிய எழுத்தில் அடித்து இன்னொருவன் சின்ன எழுத்தில் அடித்தால் இரண்டும் சேராது, முதலில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். டிரிம் என்பது முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை மட்டும்தான் எடுக்கும், நடுவில் இரண்டு இடைவெளி இருந்தால் அப்படியே இருக்கும். இணைக்கும் அட்டவணையில் ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் வரிசைகள் பெருகிவிடும், எடை கூடிவிடும், இதை நான் இணைத்த ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கையைப் பார்த்து உறுதி செய்கிறேன்.

எடைமேடை மென்பொருளைப் புதுப்பித்தபோது காலத் தலைப்பில் ஒரே ஒரு இடைவெளி கூடிவிட்டது. மொத்த ஓட்டமும் நின்றது. அந்தக் காலத்தைக் காணோம் என்று ஆங்கிலத்தில் மஞ்சள் பட்டையில் ஒரு வரி, அதைப் படித்துப் புரிந்துகொண்டால் சரி, புரியாதவர்கள் மிரண்டுவிடுவார்கள். கணக்கு அக்கா இதைத் தொடாததற்கு அதுதான் காரணம், எனக்கு அதில் வருத்தம். ஆனால் யோசித்துப் பார்த்தால், தப்பான தரவை வாங்கிக்கொண்டு சிரித்தபடி கணக்குப் போடுவதைவிட நின்றுவிடுவது மேல்.

நான் ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்காக. பவர் குவெரி இறக்கும் அட்டவணைக்குப் பக்கத்துக் காலத்தில் கணக்கு அக்கா கையால் "கொடுத்தாச்சு", "பாதி பாக்கி" என்று குறிப்பு எழுதி வைப்பார். அடுத்த நாள் ரெஃப்ரெஷ் செய்தோம், புது வரிசைகள் நடுவில் வந்தன, அட்டவணை நகர்ந்தது, குறிப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன. கொடுத்தவருக்குப் பாக்கி, பாக்கி இருப்பவருக்குக் கொடுத்தாச்சு. நல்ல வேளை, அன்று மதியமே அக்கா கண்டுபிடித்துவிட்டார், அவருக்கு ஆட்களை முகம் தெரியும், "இவருக்கு நான் கொடுக்கவே இல்லையே" என்றார். ஒரு எச்சரிக்கைகூட வராது என்பதுதான் எனக்கு ஆறாத குறை. இப்போது குறிப்புகளுக்குத் தனி அட்டவணை, சீட்டு எண்ணோடு. அதை மெர்ஜ் மூலம் கொண்டுவருகிறோம், எங்கே நகர்ந்தாலும் அந்தச் சீட்டோடு சேர்ந்தே நகரும்.

சின்னச் சின்ன எரிச்சல்கள் உண்டு. எடிட்டர் திறந்திருக்கும்போது வேறு எக்செல் ஃபைலைத் தொட முடியாது, போனில் ஒருத்தர் ஏதோ கேட்டால் மூடிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் சீசன் கடைசியில் தவழும். பொது டிரைவின் எழுத்து மாறினால் ஃபைல் பாதை தெரியாமல் நிற்கும், டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும். புது ஆளுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பவர் குவெரியே கிடையாது என்ற அளவுக்குப் பழைய பதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு வழி: சிஎஸ்வியை நோட்பேடில் திறந்து, டிஎக்ஸ்டி என்ற நீட்டிப்போடு வேறு பெயரில் சேவ் செய்து, எக்செல்லின் ஓபனிலிருந்து திறந்தால் டெக்ஸ்ட் இம்போர்ட் விசார்டு வரும். அதன் மூன்றாவது படியில் கணக்கு எண் காலத்தை டெக்ஸ்ட் என்றும், தேதிக் காலத்தை நாள்-மாதம்-வருடம் என்றும் சொல்லலாம். தினமும் கையால் செய்ய வேண்டும், ஆனால் தரவு கெடாது. ஒன்றிரண்டு ஃபைல் என்றால் இதுவே போதும், பவர் குவெரி கற்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பேங்க் ஃபைல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கணக்கு எண் தாளில் எழுத்தாக இறங்கியிருந்தால், சிஎஸ்வியாகச் சேவ் செய்யும்போது முழு இலக்கமும் ஃபைலுக்குப் போகும். சேவ் செய்த பிறகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆசை வரும், கை தானாக டபுள் கிளிக் செய்யும். செய்தால் அதே எக்செல் அதே எண்ணை மறுபடி எண்ணாக எடுத்துக்கொண்டு 0 காட்டும், நாமும் பயந்து, சேவ் வேறு கொடுத்துவிட்டால் அப்போதுதான் நிஜமாகவே கெடும். சரிபார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறந்து பாருங்கள். நோட்பேட் எதையும் ஊகிக்காது, ஃபைலில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை அப்படியே காட்டும். நான் தினமும் மூன்று பேர் பாஸ்புக் நகலை எடுத்து நோட்பேடில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

வீட்டு லேப்டாப்பில் புது எக்செல் இருக்கிறதே, மெயிலில் அனுப்பி அங்கே செய்தால் என்ன என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் பிள்ளைகள் விளையாடுவார்கள், அதில் 16 இலக்கமும் ஆதாரும் பெயரும் ஊரும் ஒரே தாளில் கிடக்கும். அந்த நேரத்தில் ஐடி ஆட்களுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டால் செய்து கொடுக்கிறார்கள். நாங்கள் கேட்டது இரண்டு. எடைமேடை ஃபோல்டரை எங்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி என்று மாற்றச் சொன்னோம், மூல சிஎஸ்வி மேல் யாரும் தெரியாமல் சேவ் கொடுக்க முடியாதபடி. இரண்டே நாளில் செய்துவிட்டார்கள். இரண்டாவது, ஆபீஸ் 2019-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தமும் வராது, பூட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று எழுதினோம். அடுத்த மே மாதத்துக்கு முன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், முதல் லோடு இறங்குவதற்குள் வந்துவிட்டால் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் அந்த அமைப்பையும் போட்டுப் பார்த்துவிட்டு, இதே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன்.